ஓடத் தொடங்குவதற்கு ஒரு சில்லு

பற்றரி கிடையாது. பெற்றோல் கிடையாது. மிதிக்கப் பெடலும் கிடையாது. பாரமான ஓர் இரும்புச் சில்லை முதலில் வேகமாகச் சுழற்றிவிட வேண்டும். பிறகு அந்தச் சுழற்சியை மட்டும் வைத்து ஒரு வண்டியை ஐம்பது மீற்றர் பாய வைக்க வேண்டும். முடியுமா?

பதினோராம் வகுப்புப் படிக்கும் இரண்டு தம்பிமார் இந்தக் கேள்வியை எனக்கு அனுப்பியிருந்தார்கள். முடியும் என்று ஒரு வரியில் பதில் எழுதியிருக்கலாம். ஆனால் இதே கேள்வியோடு 150 வருடமாகப் பலர் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஒருவர், சுவிற்சர்லாந்தின் பஸ் கட்டியவர்கள், லு மான்ஸ் கார்ப்பந்தயத்தில் வென்ற ஒரு குழு என்று அந்த வரிசை நீளும். நாங்கள் இருக்கும் மிசிசாகாவில் இயங்கிய ஒரு நிறுவனமும் அந்த வரிசையில் உண்டு. அவர்களுக்கு எது வாய்த்தது, எது வாய்க்கவில்லை என்று பார்த்தால் தம்பிமாருக்கு வேண்டிய பதில் தானாகவே கிடைத்துவிடும்.

அந்தச் சில்லுக்குப் பெயர் பிளைவீல். இலங்கையில் தமிழில் விஞ்ஞானம் படித்த உங்கள் அம்மா அப்பாவிடம் கேட்டால் பறப்புச்சில்லு என்று சொல்லக்கூடும். அது எங்கும் பறப்பதில்லை. இருந்த இடத்திலேயே சுழல்கிறது. அதுதான் அதன் வேலை.

வீட்டிலேயே இருந்த சில்லு

எங்கள் அம்மம்மாவின் கைத் தையல் மெசினில் வலப்பக்கம் ஒரு பாரமான சில்லு இருந்தது. கைபிடியைச் சுற்றிவிட்டு ஒரு கணம் கையை எடுத்தாலும் ஊசி உடனே நிற்காது. நாலைந்து தையல் போட்ட பிறகுதான் நிற்கும். அந்த நாலைந்து தையலுக்கான சக்தி அந்தச் சில்லுக்குள் இருந்தது.

இன்னும் பின்னால் போனால் குயவரின் சக்கரம். குயவர் ஒரு தடியால் சக்கரத்தை வேகமாகச் சுழற்றுவார். பிறகு தடியை வைத்துவிட்டு இரண்டு கையாலும் களிமண்ணைப் பிடிப்பார். சுழற்றுவது ஒரு நேரம், வேலை செய்வது இன்னொரு நேரம். இரண்டு நேரத்துக்கும் இடையில் சக்தியை வைத்திருப்பது சக்கரத்தின் பாரம். நூல் நூற்கும் தக்களியும் இதே தத்துவம்தான். கீழடி அகழாய்வில் கிடைத்த பொருட்களில் தக்களிகளும் உண்டு. ஆகவே பிளைவீல் எங்களுக்குப் புதிய சாமான் இல்லை. அதற்கு வண்டி கட்டுவதுதான் புதிது.

அந்த வண்டியையும் நீங்கள் கையில் பிடித்திருப்பீர்கள். தரையில் இரண்டு மூன்று தரம் உரசிவிட்டு விட்டால் விர்ரென்று ஓடும் விளையாட்டுக் கார் இருக்கிறதல்லவா? அதன் வயிற்றுக்குள் சின்னப் பிளைவீல் ஒன்று இருக்கும். 1890களின் கடைசியில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து டேற்றன் நகரில் இந்த வகைப் பொம்மைகள் செய்யத் தொடங்கினார்கள். அதே நகரில் அதே காலத்தில்தான் ரைட் சகோதரர்கள் சைக்கிள் கடை வைத்திருந்தார்கள்.

அந்தப் பொம்மையை அடுத்த முறை கவனித்துப் பாருங்கள். தரையில் வைத்ததும் முதலில் அதன் சில்லுகள் கொஞ்சம் வழுக்கும். பிறகுதான் பிடித்து ஓடும். அந்த வழுக்கலை நினைவில் வைத்திருங்கள். இந்த வரலாறு முழுவதும் அதைச் சுற்றித்தான் போகிறது.

எவ்வளவு சக்தி, எவ்வளவு வேகமாக

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். 40 சென்ரிமீற்றர் விட்டமும் 2 சென்ரிமீற்றர் தடிப்பும் உள்ள வட்டமான உருக்குத் தகடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். பாரம் 20 கிலோ வரும். அதை நிமிடத்துக்கு 3,000 தரம் சுழற்றினால் அதற்குள் ஏறத்தாழ 20 கிலோஜூல் சக்தி இருக்கும்.

இது அதிகமா? இல்லை. உங்கள் சட்டைப்பையில் இருக்கும் போன் பற்றரியில் 50 கிலோஜூலுக்கு மேல் இருக்கிறது. ஒரு லீற்றர் பெற்றோலில் 30,000 கிலோஜூலுக்கு மேல் இருக்கிறது. இருபது கிலோ இரும்பு ஒரு போனுக்குத் தோற்றுப்போகிறது.

ஆனால் கேள்வியை மாற்றிக் கேட்டுப் பாருங்கள். அந்தச் சக்தியை நாலே நாலு செக்கனில் தர முடியுமா? போன் பற்றரியால் முடியாது. அப்படி இழுத்தால் அது எரிந்துபோகும். இரும்புச் சில்லு தயங்காமல் தரும். 20 கிலோஜூலை நாலு செக்கனில் கொடுத்தால் அது 5 கிலோவாட். கிட்டத்தட்ட ஆறரைக் குதிரைவலு. அதே சில்லைச் சைக்கிள் பெடலால் சுழற்றி ஏற்றுவதென்றால், 100 வாட் வலுவில் நிதானமாக மிதிக்கும் ஒருவருக்கு மூன்று நிமிடத்துக்கு மேல் எடுக்கும். மூன்று நிமிட உழைப்பு நாலு செக்கனில் திரும்ப வருகிறது. ஐம்பது பேர் ஒன்றாக மிதித்ததற்குச் சமம்.

பள்ளிக்கூடத்தில் எனர்ஜி, பவர் என்று இரண்டைத் தனித்தனியாகப் படிப்பித்திருப்பார்கள். தமிழில் சக்தி, வலு. தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பது சக்தி. குழாய் எவ்வளவு பெரியது என்பது வலு. பிளைவீல் என்பது சின்னத் தொட்டியில் பொருத்திய மிகப் பெரிய குழாய். அதைத் தூரப் பயணத்துக்குக் கேட்டால் ஏமாற்றும். தொடக்கப் பாய்ச்சலுக்கு, அதாவது ஆர்முடுகலுக்குக் கேட்டால் அசத்தும். இந்த வித்தியாசத்தை விளங்கிக்கொண்டவர்கள் வென்றார்கள். விளங்காதவர்கள் நிறையச் செலவழித்தார்கள்.

டொல்பின் கண்டுபிடித்த டோர்ப்பிடோ

1870இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி ஜோன் ஹவல் ஒரு டோர்ப்பிடோவை வடிவமைக்கத் தொடங்கினார். அந்தக் காலத்து மற்ற டோர்ப்பிடோக்கள் அழுத்திய காற்றால் ஓடின. ஓடும்போது தண்ணீரில் குமிழிக் கோடு ஒன்று விடும். எதிரி அதைப் பார்த்து விலகிவிடலாம். ஹவல் காற்றையே விட்டுவிட்டார். டோர்ப்பிடோவின் நடுவில் 60 கிலோ பிளைவீல் ஒன்றை வைத்தார். கப்பலில் இருந்த நீராவி இயந்திரத்தால் அதை நிமிடத்துக்கு 10,000 சுற்று வரை ஏற்றி, பிறகு கடலுக்குள் விட்டார்.

அது ஓடிய தூரம் 400 யார் அளவுதான். வேகம் 25 நொட். புகை இல்லை, குமிழி இல்லை. சுழலும் சில்லு திசை மாற மறுக்கும் என்பதால் டோர்ப்பிடோ நேராகவும் போனது. குறைந்த தூரம், ஒரே ஒரு பாய்ச்சல், பிறகு சில்லு தேவையே இல்லை. பிளைவீலுக்கு இதைவிடப் பொருத்தமான வேலை கிடைக்காது. செய்யப்பட்டவை ஐம்பதுதான். 1890களின் கடைசியில், தூரம் ஓடும் புதிய டோர்ப்பிடோக்கள் வந்ததும் இவை கைவிடப்பட்டன.

2013இல் கலிபோர்னியாவின் சான் டியேகோ கரைக்கு அப்பால், கண்ணிவெடி தேடுவதற்குக் கடற்படை பழக்கிய டொல்பின்கள் கடலடியில் ஏதோ இருப்பதாகக் காட்டின. சுழியோடிகள் இறங்கிப் பார்த்தபோது அது ஒரு ஹவல் டோர்ப்பிடோ. நூறு வருடத்துக்கு மேல் அங்கேயே கிடந்திருக்கிறது.

கப்பல் மேடையும் ரோலர் கோஸ்ரரும்

கடற்படை பிளைவீலை மறக்கவில்லை. 1927இல் சேவைக்கு வந்த லெக்சிங்ரன் விமானந்தாங்கிக் கப்பலின் முன்பக்கத்தில் பிளைவீலால் இயங்கும் கவண் ஒன்று இருந்தது. வடிவமைத்தவர் கார்ல் நோர்டன். 47 மீற்றர் தூரத்துக்குள் நாலரை டன் விமானத்தை மணிக்கு 89 கிலோமீற்றர் வேகத்துக்கு ஏற்றும் பலம் அதற்கு இருந்தது. ஆனால் அந்தக் கால விமானங்கள் லேசானவை, கப்பல் மேடையோ நீளமானது. கவண் இல்லாமலே அவை எழும்பிப் போய்விட்டன. 1931இல் கணக்கெடுத்தபோது அந்தக் கவணால் மொத்தம் ஐந்து தரம்தான், அதுவும் பயிற்சிப் பாரங்களை, எறிந்திருந்தார்கள். பிறகு கழற்றிவிட்டார்கள். இயந்திரத்தில் பிழை இல்லை. அது தேவைப்படும் காலம்தான் வரவில்லை.

அந்தக் காலம் பிறகு வந்தது. இன்று ஜெரால்ட் போர்ட் விமானந்தாங்கிக் கப்பலில் மின்காந்தத்தால் விமானங்களை எறிகிறார்கள். அதற்கு வேண்டிய சக்தியைச் சுழலும் பாரமான இயந்திரங்களில் சேமித்து வைத்து இரண்டு மூன்று செக்கனில் கொட்டுகிறார்கள்.

பொழுதுபோக்குப் பூங்காக்களும் இதைப் பிடித்துக்கொண்டன. 1978இல் கலிபோர்னியாவின் நொட்ஸ் பெரி பாமில் திறந்த மொன்ரசூமாஸ் ரிவெஞ்ச் என்ற ரோலர் கோஸ்ரரில், பல டன் பிளைவீல் ஒன்று கிளச் வழியாகக் கம்பிக் கயிற்றை இழுத்து, சில செக்கன்களுக்குள் வண்டியை மணிக்கு 88 கிலோமீற்றருக்கு ஏற்றியது. 1999இல் ஒர்லாண்டோவில் திறந்த ஹல்க் கோஸ்ரருக்கும் பிளைவீல் பூட்டிய ஜெனரேற்றர்கள் வைத்தார்கள். ஒவ்வொரு தரமும் ஊர் மின்கம்பியிலிருந்து அவ்வளவு வலுவை ஒரேயடியாக இழுக்க முடியாது என்பதே காரணம். நீங்கள் கத்திக்கொண்டு பாய்வதற்கு முன், ஒரு சில்லு அமைதியாகச் சுழன்று உங்களுக்காகச் சேமித்துக்கொண்டிருக்கிறது.

பிளைவீல் பஸ்

இதுவரை சொன்னவை எல்லாம் ஒரே பாய்ச்சல். பிளைவீலை வைத்தே ஒரு பஸ்ஸை நாள் முழுக்க ஓட்டினால் என்ன என்று கேட்டது சுவிற்சர்லாந்தின் ஓர்லிகொன் நிறுவனம். அவர்கள் கட்டிய ஜைரோபஸ்ஸின் தரைக்குக் கீழே ஒன்றரை டன் சில்லு ஒன்று படுக்கையாக இருந்தது. விட்டம் 1.6 மீற்றர். ஐதரசன் வாயு நிரப்பிய பெட்டிக்குள் நிமிடத்துக்கு 3,000 சுற்று. காற்றைவிட ஐதரசன் லேசானது என்பதால் உராய்வு குறைவு. பஸ் நிறுத்தத்தில் கூரையிலிருந்து மூன்று கைகள் எழும்பி மின்கம்பத்தைத் தொடும். அரை நிமிடம் முதல் மூன்று நிமிடம் வரை சில்லு வேகம் ஏறும். பிறகு அதே மோட்டர் ஜெனரேற்றராக மாறி பஸ்ஸை ஓட்டும். ஒரு ஏற்றத்துக்கு ஆறு கிலோமீற்றர் வரை ஓடலாம்.

ஒன்றரை டன் இரும்பு சுழன்றும் அதற்குள் இருந்த சக்தி ஏறத்தாழ ஒரு லீற்றர் பெற்றோல் அளவுதான். தொட்டி சின்னது என்று முதலிலேயே சொன்னேன் அல்லவா?

1953 முதல் 1960 வரை சுவிற்சர்லாந்தின் இவெர்டொன் நகரில் ஓடியது. அங்கே போதிய பயணிகள் இல்லாமல் நின்றது. 1956 முதல் 1959 வரை பெல்ஜியத்தின் கென்ற் நகரில் மூன்று பஸ்கள் ஓடின. கிலோமீற்றருக்கு 2.9 யூனிற் மின்சாரம் குடித்தன. அதைவிடக் கூடிய ஆட்களை ஏற்றிய ட்ராம்களுக்கே 2.0 முதல் 2.4 யூனிற் போதுமாக இருந்தது. தன்னைத் தானே சுமப்பதற்கே பஸ் நிறையச் சக்தியைச் செலவழித்தது போன்ற நிலைமை.

மிகப் பெரிய சேவை ஆபிரிக்காவில்தான் இருந்தது. அப்போது பெல்ஜியத்தின் குடியேற்ற நாடாக இருந்த கொங்கோவின் லியோபோல்ட்வில் நகரில், இன்றைய கின்ஷாசாவில், 1955 முதல் 12 பஸ்கள் நாலு பாதைகளில் ஓடின. ஒவ்வொன்றிலும் 90 பேர் ஏறலாம். இரண்டு கிலோமீற்றருக்கு ஒரு மின்னேற்றக் கம்பம். 1959இல் நிறுத்திவிட்டு டீசல் பஸ்ஸுக்கு மாறினார்கள்.

ஏன் நின்றது என்று வாசித்துப் போனால் ஒரு வரி திரும்பத் திரும்ப வரும். ஓட்டுநர்கள் குறுக்கு வழியில், தார் போடாத றோட்டுகளில் ஓட்டினார்கள், மழை பெய்தால் அவை சேறாகிவிடும் என்று. அந்த வரியை நான் சந்தேகத்தோடுதான் வாசிக்கிறேன். அதே பக்கங்களில் இன்னொரு விடயமும் இருக்கிறது. பிளைவீலைத் தாங்கிய பெயரிங்குகள் உடைந்துபோயின. அப்படிப் பிரித்துப் பூட்ட வேண்டிய வண்டியை ஐரோப்பாவில் வரைந்து கொங்கோவுக்கு அனுப்பினார்கள். எந்த றோட்டுக்குத் தார் போடுவது, எதைச் சேறாக விடுவது என்று முடிவெடுத்ததும் அந்த ஓட்டுநர்கள் அல்ல. ஒரு இயந்திரம் தோற்றால் கடைசியாக அதைத் தொட்டவரின் பெயரில் பழி விழுவது வழக்கம். வரலாறு வாசிக்கும்போது யார் தொட்டார் என்பதோடு யார் வரைந்தார் என்றும் கேட்டுப் பழகுங்கள்.

சின்ன வேலைக்குத் திரும்பிய சில்லு

ஜைரோபஸ்ஸுக்குப் பிறகு பொறியியலாளர்கள் பிளைவீலிடம் குறைவாகக் கேட்கப் பழகினார்கள். குறைவாகக் கேட்டதும் அது நன்றாக வேலை செய்தது.

இங்கிலாந்தின் ஸ்ரூர்பிரிட்ஜில் ஒரு கிளை ரயில் பாதை இருக்கிறது. நீளம் 1.3 கிலோமீற்றர்தான். 2009 முதல் அதில் ஓடும் சின்ன ரயில் வண்டிக்குள் ஒரு சிறிய வாயு எஞ்சினும் அரை டன் பிளைவீலும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது வரும் சக்தி சில்லுக்குப் போகும். புறப்படும்போது சில்லு கைகொடுக்கும். எஞ்சின் பெரிதாக இருக்கத் தேவையில்லை.

2012இல் ஓடி இ-ட்ரோன் குவாட்ரோ கார் லு மான்ஸ் 24 மணி நேரப் பந்தயத்தில் வென்றது. அந்தப் பந்தயத்தை வென்ற முதல் ஹைபிரிட் கார் அதுதான். சக்தியைச் சேமித்தது பற்றரி அல்ல. வில்லியம்ஸ் குழு போர்முலா 1க்காகத் தொடங்கி உருவாக்கிய பிளைவீல். கார் வளைவுக்கு முன் பிரேக் பிடிக்கும்போது வரும் சக்தியில் 500 கிலோஜூல் வரை வாங்கி, வளைவு முடிந்ததும் முன் சில்லுகளுக்குக் கொடுத்தது. 24 மணி நேரமும் இதே வேலை: வாங்கு, கொடு, வாங்கு, கொடு.

மிசிசாகாவின் சில்லு

எங்கள் ஊருக்கு வருவோம். மிசிசாகாவைத் தளமாகக் கொண்ட ரெம்போரல் பவர் என்ற நிறுவனம் ஏறத்தாழ 4 டன் உருக்குச் சில்லுகளைக் காற்றில்லாத பெட்டிக்குள், பாரத்தைக் காந்தத்தால் தாங்கி, நிமிடத்துக்கு 11,000 சுற்றுக்கு மேல் சுழலும்படி செய்தது. 2014இல், இங்கிருந்து வடமேற்கே மின்ரோ என்ற சிறிய ஊரில் அப்படிப்பட்ட பத்துச் சில்லுகளைக் கொண்ட 2 மெகாவாட் நிலையம் இயங்கத் தொடங்கியது. ஒன்ராறியோவின் மின்வலையில் ஒவ்வொரு கணமும் தேவையும் உற்பத்தியும் கூடிக் குறையும். கூடும்போது சில்லு வாங்கிக்கொள்ளும். குறையும்போது திருப்பிக் கொடுக்கும். ஓடி கார் வளைவுகளில் செய்ததை இவை அசையாமல் நின்று மாகாணத்துக்கே செய்தன.

அங்கே சில்லு வண்டியை விட்டு இறங்கி நிலத்துக்குள் போய்விட்டது. நிலத்தில் இருந்தால் பாரம் பிரச்சினை இல்லை, குலுக்கல் இல்லை, சேறு இல்லை. கின்ஷாசாவில் தோற்ற யோசனைக்குச் சரியான இடம் அதுவாக இருந்தது.

அப்படியானால் வண்டி கட்டலாமா?

கட்டலாம். ஐம்பது மீற்றர் பாய்ச்சல்தான் வேண்டும் என்றால் பிளைவீலுக்கு அது பிடித்த வேலை. ஆனால் சில்லைச் சுழற்றுவது சுலபம், சுழற்சியை வண்டிக்குக் கைமாற்றுவதுதான் கடினம். வண்டி நிற்கும்போது சில்லு முழு வேகத்தில் இருக்கிறது. வண்டி வேகம் கூடக் கூடச் சில்லு வேகம் குறைகிறது. ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் இரண்டு பேரை எப்படிக் கைகோர்க்க வைப்பது?

முதல் வழி கிளச். வழுக்க விட்டுப் பிடிப்பது. பொம்மைக் கார் செய்வது அதைத்தான். கணக்குப் போட்டால் இதன் விலை தெரியும். ஒரே கியரில் கிளச்சை வழுக்கவிட்டால், எவ்வளவு திறமாகப் பொருத்தினாலும் சில்லில் இருந்த சக்தியில் காற்பங்குதான் வண்டிக்கு வரும். அந்த நேரத்தில் பாதி சூடாகப் போயிருக்கும். மீதிக் கால் சில்லுக்குள்ளேயே தங்கியிருக்கும். ஆளோடு 150 கிலோ வண்டி, மேலே சொன்ன 20 கிலோ சில்லு என்றால், கிளச் வழியில் மணிக்கு 29 கிலோமீற்றர். ஒரு துளியும் வீணாகாமல் கைமாற்றினால் 58 கிலோமீற்றர். அதே சில்லு, அதே சுழற்சி, இரண்டு மடங்கு வேகம்.

இரண்டாவது வழி தானாக மாறும் பெல்ற் கியர். ஸ்நோமொபைலில் இருப்பது. கனடாவில் பழையது சல்லிசாகக் கிடைக்கும் என்பதால் பலருக்கு முதலில் இந்த யோசனைதான் வரும். கவனம். எஞ்சின் வேகம் கூடும்போது மேல் கியருக்குப் போகும்படி அதைச் செய்திருக்கிறார்கள். உங்கள் சில்லோ வேகம் குறைந்துகொண்டே போகும். ஆகவே அது கீழ் கியருக்கு இறங்கும். உங்களுக்கு வேண்டியதற்கு நேர் எதிர். கையால் மாற்றும்படி திருத்தினால்தான் உதவும்.

மூன்றாவது வழி எனக்குப் பிடித்தது. கயிறு. பழைய கசற் நாடாவை வீட்டில் யாராவது வைத்திருந்தால் எடுத்துப் பாருங்கள். ஒரு பக்கத்துச் சுருள் பெருக்கும்போது மறுபக்கம் சிறுக்கும். வண்டியின் அச்சில் ஒடுக்கமான ஓர் உருளையில் கயிற்றை நிறையச் சுற்றி வையுங்கள். மறுமுனையைச் சில்லோடு சேர்ந்த சிறிய உருளையில் மாட்டுங்கள். தொடக்கத்தில் சில்லுப் பக்கம் சின்னது, அச்சுப் பக்கம் பெரியது. வண்டி மெதுவாக, ஆனால் பலமாகப் புறப்படும். கயிறு இடம் மாற மாறச் சில்லுப் பக்கம் பெருத்து, அச்சுப் பக்கம் சிறுத்து, கியர் தானாக உயரும். புறப்படும் கணத்தில் கொஞ்சம் வழுக்கல் இருக்கத்தான் செய்யும். ஆனால் இழப்பு மிகக் குறைவு. கயிறு முடிந்ததும் அச்சு தன்பாட்டில் ஓடும்படி விட வேண்டும். தூரம் ஓட இது உதவாது. ஐம்பது மீற்றருக்குப் போதும்.

சில்லை நிற்க வைப்பதா, படுக்க வைப்பதா? வண்டிச் சில்லுகள் போல நிற்க வைத்தால், திரும்பும்போது வண்டியை ஒரு பக்கம் சரிக்கப் பார்க்கும். ஜைரோபஸ் போலப் படுக்க வைத்தால் திரும்புவதற்குத் தடை இராது. ஆனால் மேடு பள்ளத்தில் முன்பக்கம் எழும்பும்போது பக்கவாட்டில் சரிக்கும். நேரான, சமமான பாதையில் ஓடுங்கள்.

இனிச் சொல்வதைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். அந்த 20 கிலோ சில்லின் விளிம்பு மணிக்கு 226 கிலோமீற்றர் வேகத்தில் போகிறது. அதற்குள் இருக்கும் சக்தி ஒரு டன் காரை இரண்டு மீற்றர் உயரத்திலிருந்து கீழே போடுவதற்குச் சமம். நீராவி ஆலைகளின் காலத்தில் பிளைவீல் வெடித்துச் சுவரையும் கூரையையும் உடைத்துக்கொண்டு போன விபத்துகள் பல நடந்திருக்கின்றன. ஜிம்மில் கிடைக்கும் வார்ப்பிரும்புத் தட்டை எடுத்துச் சுழற்றாதீர்கள். அது அதற்காகச் செய்யப்பட்டதல்ல. வார்ப்புக்குள் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருக்கலாம். முதல் வண்டியை ஆள் ஏறாத சின்ன வண்டியாகச் செய்யுங்கள். அரைக் கிலோ சில்லு, நிமிடத்துக்கு ஆயிரம் சுற்று, சுற்றிவர மூடிய உருக்குக் கூடு. சில்லின் தளத்துக்கு நேரே யாரும் நிற்கக் கூடாது. எல்லாக் கணக்கையும் அந்தச் சின்ன வண்டியிலேயே சரிபார்க்கலாம். சுற்றை இரண்டு மடங்காக்கினால் சக்தி நாலு மடங்காகும் என்பதையும் மறக்க வேண்டாம். கொஞ்சம் கூட்டுவோம் என்பது இங்கே கொஞ்சமாக இருக்காது.

இன்னொன்று. பெயரிங்கை எப்படி இருத்துவது, சில்லை எப்படிச் சமன்படுத்துவது, ஒரு தண்டு நூலிழை அளவு வளைந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது என்பதெல்லாம் வீடியோவில் பார்த்துக் கைக்கு வருவதில்லை. இந்த ஊரில் அது தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். என் அப்பா மிசிசாகாவில் ஒரு மெசின் ஷொப்பில் இருபது வருடத்துக்கு மேல் லேத் ஓட்டினார். இரவு வேலை முடிந்து வந்து, நாங்கள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் படுப்பார். நாங்கள் அவரிடம் வேலையைப் பற்றிக் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. இந்தப் பதிவுக்காகச் சில்லுச் சமன்படுத்துவதைப் பற்றிக் கேட்டேன். ஒரு மணி நேரம் கதைத்தார். கத்தி முனை போன்ற இரண்டு சமமான தண்டவாளத்தில் சில்லின் அச்சை வைத்து விடு, பாரமான பக்கம் தானாகக் கீழே வரும், அந்தப் பக்கத்தில் கொஞ்சம் துளை போட்டு எடு, திரும்ப வை, எந்த இடத்தில் விட்டாலும் அந்த இடத்திலேயே நிற்கும் வரை செய் என்றார். பேப்பரில் படமும் கீறித் தந்தார்.

உங்கள் வீட்டிலும் அப்படி ஒரு அப்பாவோ மாமாவோ அன்ரியோ இருக்கக்கூடும். சில்லு வாங்குவதற்கு முன் அவர்களிடம் படத்தைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். கேள்வி அனுப்பிய தம்பிமார் இருவரும் முதலில் அரைக் கிலோச் சில்லுக்குக் கணக்கைப் போட்டு அனுப்புங்கள். நானும் அப்பாவும் பார்த்துச் சொல்கிறோம்.